பீரோ சாவி உங்களிடம்தான் இருக்கிறது

வரவு செலவில் செலவை மட்டும் கையில் வைத்திருக்கும் தோழிகளுக்கு,



தக்காளி என்ன விலை என்று கேட்டால் உழவர் சந்தை விலை, தள்ளுவண்டி விலை, சூப்பர் மார்க்கெட் விலை என்று மூன்று விலை சொல்வீர்கள். கரண்ட் கணக்கெடுக்க இன்னும் எத்தனை நாள் இருக்கிறது, 500 யூனிட்டைத் தாண்டாமல் இருக்க ஏசியை எத்தனை மணிக்கு அணைக்க வேண்டும், போன மாதம் எந்த இரண்டு நாள் பால் பாக்கெட் வரவில்லை, எல்லாம் உங்களுக்கு மனப்பாடம். அதே வீட்டுக்கு வாங்கிய கடனில் இன்னும் எவ்வளவு பாக்கி, தவணை எந்தத் தேதியில் எந்தக் கணக்கிலிருந்து போகிறது என்று கேட்டால், “அதெல்லாம் அவர் பார்த்துக்குவார்” என்பீர்கள்.

நான் ஓர் அரசு வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். தஞ்சாவூர், திருவாரூர்ப் பக்கத்துக் கிளைகளில், பெரும்பாலும் கவுண்டரில். அந்த ‘அவர்’ போன பிறகு வந்து நிற்கும் பெண்களை அங்கே நிறையப் பார்த்திருக்கிறேன். கையில் ஒரு மஞ்சள் பை இருக்கும். பாஸ்புக், என்றோ காலாவதியான இன்சூரன்ஸ் ரசீது, எப்போதோ முடிந்து பணமும் வாங்கிவிட்ட டெபாசிட் பத்திரத்தின் நகல், ஓட்டர் ஐடி என்று பீரோவில் அகப்பட்டதெல்லாம் அதில் இருக்கும். “எது வேணுமோ நீங்களே எடுத்துக்குங்க மேடம்” என்று பையை மேசைமேல் கவிழ்த்துவிட்டு அழுவார்கள். நாங்கள் கேட்டே ஆக வேண்டிய கேள்விகளோ ஏராளம். நாமினி யார், கணக்கு தனிப் பெயரிலா கூட்டாகவா, லாக்கர் உண்டா, கடன் உண்டா? ஒன்றுக்கும் பதில் தெரியாது. கூட வந்த கொழுந்தனாரோ மச்சினரோ பதில் சொல்வார். அவர் சொல்வது உண்மையா என்றும் அந்தப் பெண்ணுக்குத் தெரியாது.

இவர்களுக்குக் கணக்கு வராது என்று சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 2016 நவம்பர் 8 ராத்திரி 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்களே, அதற்கடுத்த வாரங்களில் கவுண்டரில் உட்கார்ந்திருந்த யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அரிசிப் பானை, உளுந்து டப்பா, பட்டுப் புடவை மடிப்பு, சாமி படத்தின் பின்பக்கம் என்று எங்கெங்கிருந்தோ சிறுவாட்டுப் பணம் வெளியே வந்தது. நோட்டுக் கட்டுகளில் மிளகாய்ப்பொடி வாசனை. கூடவே வரிசையில் வந்து நின்ற கணவர்கள், மனைவி செலானில் எழுதும் தொகையை எட்டிப் பார்த்துவிட்டு வாயடைத்துப் போனார்கள். மளிகைக்குக் கொடுத்த காசில் அவ்வளவு மிச்சம் பிடித்தவருக்கு ஒரு டெபாசிட் ரசீதைப் படிப்பது பெரிய வித்தையா? யாரும் கையில் கொடுக்கவில்லை, நீங்களும் கேட்கவில்லை. கேளுங்கள் என்று சொல்லத்தான் இந்த மடல்.

சிக்கல் வருவது அவர் போன பிறகுதான் என்றே எல்லோரும் நினைக்கிறோம். அதைவிடச் சிக்கலான நிலை ஒன்று உண்டு. அவர் இருக்கிறார், ஆனால் ஐசியூவில் நினைவில்லாமல் இருக்கிறார். நினைவோடு இருந்து எழுந்து வர முடியாதவர் என்றால், வங்கி ஊழியர் ஆஸ்பத்திரிக்கே வந்து கைரேகை வாங்கிப் பணம் கொடுக்க வழி இருக்கிறது. நினைவே இல்லை, கணக்கு அவர் ஒருவர் பெயரில் மட்டும் இருக்கிறது என்றால் சட்டப்படி யாரும் அதைத் தொட முடியாது. நாமினியாலும் முடியாது, நாமினிக்கு உரிமை வருவது மரணத்துக்குப் பிறகுதான். மனைவியே ஆனாலும் நீதிமன்றத்துக்குப் போய்த் தன்னைப் பாதுகாவலராக நியமித்துக்கொண்டு வர வேண்டியிருக்கும். ஆஸ்பத்திரி பில் கட்ட அவருடைய கணக்கிலேயே பணம் இருக்கும், எடுக்க முடியாமல் வளையலைக் கழற்றி அடகு வைக்க ஓடுவோம். வீட்டுச் செலவுக்கான பணமாவது இரண்டு பேர் பெயரிலும் இருக்கட்டும், ‘இருவரில் யாராவது ஒருவர் அல்லது உயிருடன் இருப்பவர்’ என்ற முறையில் இருக்கட்டும் என்று நான் தலைப்பாடாக அடித்துக்கொள்வது இதற்காகத்தான். ‘இருவரும் சேர்ந்து’ என்று எழுதிக் கொடுத்திருந்தால் உங்கள் ஒருவர் கையெழுத்துக்குப் பணம் வராது. இதைத் தெரிந்துகொள்ளப் பாஸ்புக்கின் முதல் பக்கத்தைப் பாருங்கள். அங்கே இல்லையென்றால் கிளையில் கேட்டால் சொல்வார்கள்.

சில வீடுகளில் கணவர் இதற்குச் சம்மதிக்க மாட்டார். நான் இருக்கும்போதே அவள் எடுத்துவிட்டால் என்ற பயம். அவருக்கும் ஒரு வழி இருக்கிறது. ‘முதலாமவர் அல்லது உயிருடன் இருப்பவர்’ என்று போட்டால் அவர் இருக்கும்வரை அவர் மட்டுமே எடுக்கலாம், அதன் பிறகு நீங்கள். ஐசியூ பிரச்சினையை இது தீர்க்காது. ஒன்றுமே இல்லாததற்கு இது மேல்.

பேச்சை எப்படி ஆரம்பிப்பது? “நீங்க இல்லாமப் போயிட்டா” என்று ஆரம்பித்தால், “அபசகுனமாப் பேசாதே” என்று முடித்துவிடுவார்கள். மாமியார் காதில் விழுந்தால் அன்றைக்குச் சாப்பாடே இறங்காது. சொந்தத்தில் யாருக்காவது பதினாறாம் நாள் காரியத்துக்குப் போய் வந்த இரவில் கேட்டுப் பாருங்கள். அன்றைக்கு ஆண்களே கொஞ்சம் ஆடிப்போய் இருப்பார்கள். அந்த வீட்டில் எந்தக் காகிதமும் கிடைக்காமல் அலைந்த கதையை அவரே சொல்ல ஆரம்பிப்பார். இன்னொரு வழி, உங்களுடையதை முதலில் சொல்வது. உங்களுக்கும் ஏலச்சீட்டு இருக்கிறது, தீபாவளிச் சீட்டு இருக்கிறது, நகைக்கடையில் மாதம் கட்டும் திட்டம் இருக்கிறது, குழுக் கடன் இருக்கிறது, தங்கைக்குக் கைமாற்றாகக் கொடுத்தது இருக்கிறது. அவருக்குத் தெரியாமல் நீங்கள் வாரத் தவணை கட்டிக்கொண்டிருந்தால், உங்களுக்கு ஒன்று என்றால் தவிக்கப்போவது அவர். ஆகவே நீங்கள் முந்திக்கொள்ளுங்கள். சிறுவாட்டில் முழுத் தொகையையும் சொல்லியாக வேண்டும் என்று நான் சொல்லவில்லை.

எல்லாக் கணவர்களும் மறைக்கிறார்கள் என்றும் நினைக்க வேண்டாம். பல பேர் தங்களுக்கே சரியாகத் தெரியாததால்தான் எரிந்து விழுகிறார்கள். முந்தைய கம்பெனியின் பிஎஃப் என்ன ஆனது, கல்லூரி முடித்த புதிதில் தொடங்கிய கணக்கு என்ன ஆனது என்று கேட்டால் முழிப்பார்கள். பத்து ஆண்டுகள் யாரும் தொடாத டெபாசிட் பணம் ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் தனி நிதிக்குப் போய்விடும். போனாலும் உரியவர் கேட்டால் வங்கி கொடுத்தாக வேண்டும். எந்த வங்கியில் இப்படி ஏதாவது கிடக்கிறது என்று பெயரைப் போட்டுத் தேடிப் பார்க்க ‘உத்கம்’ என்ற இணையதளத்தை ரிசர்வ் வங்கி 2023இல் தொடங்கியது. மாமனார் பெயரையும் போட்டுப் பாருங்கள். அந்தக் காலத்து ஆட்கள் யாரிடமும் சொல்லாமல் டெபாசிட் போட்டிருப்பார்கள்.

ஒரு நீளமான நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். செல்போனில் ஒரு செயலியில் எல்லாவற்றையும் ஏற்றி வைக்கலாம் என்று பிள்ளைகள் சொல்வார்கள். வேண்டாம். போனைத் திறக்கவே அவருடைய விரல் வேண்டியிருக்கும். நோட்டில் வங்கிக்கு ஒரு பக்கம், இன்சூரன்ஸுக்கு ஒரு பக்கம், கடனுக்கு ஒரு பக்கம், வீட்டுப் பத்திரத்துக்கு ஒரு பக்கம். அழகாக எழுத வேண்டியதில்லை. எந்தக் கிளை, கணக்கு எண், யார் நாமினி, காகிதம் பீரோவில் எந்த அறையில் இருக்கிறது, இவ்வளவு போதும்.

நாமினி என்ற இடத்தில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். கல்யாணத்துக்கு முன்னால் தொடங்கிய கணக்கில் அம்மா பெயரோ அண்ணன் பெயரோ இருக்கும். மாற்ற மறந்துபோயிருக்கும். 2025 நவம்பர் 1 முதல் வங்கி டெபாசிட்டுக்கு நான்கு பேர் வரை நாமினி போட்டு, யாருக்கு எத்தனை சதவீதம் என்றும் எழுதலாம். அம்மாவை எடுத்துவிட்டு என்னைப் போடுங்கள் என்று சண்டை பிடிக்கத் தேவையே இல்லை, இரண்டு பேரையும் போடலாம். நாமினி பதிந்திருந்தால் இறப்புச் சான்றும் அடையாளச் சான்றும் கொடுத்துப் பணம் வாங்கிவிடலாம். காகிதமெல்லாம் சரியாகக் கொடுத்த 15 நாளுக்குள் வங்கி பணத்தைத் தர வேண்டும் என்பது விதி. யாராவது அலைக்கழித்தால் இந்த 15 நாளைச் சொல்லிக் கேளுங்கள். நாமினி இல்லையென்றால் தாசில்தாரிடம் வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் ஒப்புதல், உத்தரவாதப் பத்திரம் என்று நீளும். வாரிசுகளில் ஒருவர் துபாயில் இருந்தால் இன்னும் நீளும்.

நாமினி பணத்தை வாங்கிக்கொள்ளும் ஆள்தான். அந்தப் பணம் யாருக்குச் சொந்தம் என்பதை உயில் முடிவு செய்யும், உயில் இல்லையென்றால் சட்டம் முடிவு செய்யும். இந்துக் குடும்பத்தில் ஆண் உயில் எழுதாமல் இறந்தால், 1956ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டப்படி அவருடைய அம்மா, மனைவி, மகன், மகள் எல்லோருக்கும் சம பங்கு. அப்பாவுக்கு அந்த முதல் வரிசையில் இடமில்லை. கிறிஸ்தவக் குடும்பத்தில் பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, இஸ்லாமியக் குடும்பத்தில் எட்டில் ஒரு பங்கு. “நான்தானே நாமினி, மாமியாருக்கு எதுக்குப் பங்கு?” என்று கவுண்டரில் நின்று கேட்டவர்கள் உண்டு. மாமியார் அந்தப் பக்கம் நின்று, “நான்தானே பெத்தவ” என்று கேட்டதும் உண்டு. இரண்டு பேர் கேட்டதும் நியாயம்தான். அவர் ஓர் உயிலை வெள்ளைத்தாளில் எழுதி, இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்துப் போட்டிருந்தால் அந்தக் காட்சியே நடந்திருக்காது. உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை. பதிவு செய்தாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. செய்தால் பின்னால் தகராறு குறையும். சொத்தைப் பெறப்போகிறவரையே சாட்சியாகப் போடாதீர்கள்.

அடுத்து இனிஷியல். எங்கள் வேலையில் பாதி நேரத்தைத் தின்றது இதுதான். பள்ளிச் சான்றிதழில் ஆர். தமிழ்ச்செல்வி. கல்யாணமான பிறகு எடுத்த ஆதாரில் செல்வி முருகேசன். பான் கார்டில் அப்பா பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும். ரேஷன் கார்டில் எம். தமிழ்செல்வி, ஒற்று கிடையாது. வீட்டுப் பத்திரத்தில் எழுத்தர் கேட்டபோது யாரோ சொன்ன செல்லப் பெயர். இத்தனை பேரும் ஒருவர்தான் என்று கணவருக்குத் தெரியும், தெருவுக்கே தெரியும். கம்ப்யூட்டருக்குத் தெரியாது. வடநாட்டில் எழுதிய படிவத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கும். அதை நிரப்ப நாம் அப்பா பெயரையோ கணவர் பெயரையோ ஆளுக்கொரு விதமாகப் போட்டு வைத்திருக்கிறோம். நிதானமாக இருக்கும் இந்த நேரத்தில் ஆதாரைச் சரி செய்துகொண்டு, அதே எழுத்துக்கூட்டலை பான் கார்டு, வங்கிக் கணக்கு, பிஎஃப் நாமினி, இன்சூரன்ஸ் என்று வரிசையாக மாற்றிவிடுங்கள். கல்யாணமானால் இனிஷியலை மாற்றியே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. அப்பா இனிஷியலோடு இருப்பவர்கள் அப்படியே இருந்துகொள்ளலாம், எல்லாக் காகிதத்திலும் ஒன்றாக இருந்தால் போதும். மாற்ற முடியாத பழைய பத்திரம் இருந்தால், இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரி முன்னால் ஓர் உறுதிமொழிப் பத்திரம் எழுதி அதோடு சேர்த்து வையுங்கள்.

அவர் தனியார் வேலையில் இருந்தால் பிஎஃப் பக்கத்தைக் கொஞ்சம் கவனமாக எழுதுங்கள். சேர்ந்திருக்கும் பணம் மட்டும்தான் பிஎஃப் என்று நினைக்கிறோம். வேலையில் இருக்கும்போது இறந்தால் அதோடு ஒட்டிய காப்பீடு ஒன்று இருக்கிறது, அதிகபட்சம் 7 லட்சம் ரூபாய் வரை. அதற்கான பிரீமியத்தைக் கம்பெனி கட்டுகிறது, சம்பளத்தில் பிடிப்பதில்லை, அதனால் சம்பளச் சீட்டில் கண்ணில் படாது. அதற்கு மேல் மனைவிக்கு மாதாந்திர ஓய்வூதியமும் உண்டு. பிஎஃப் பணத்தை வாங்கிக்கொண்டு இந்த இரண்டையும் கேட்காமல் விட்ட பெண்கள் இருக்கிறார்கள். கம்பெனியில் யாரும் கூப்பிட்டுச் சொல்ல மாட்டார்கள். பிஎஃபில் கல்யாணத்துக்கு முன் கொடுத்த நாமினிப் பெயரைக் கல்யாணத்துக்குப் பின் புதிதாகப் பதிய வேண்டும் என்பதையும் அவருக்கு நினைவுபடுத்துங்கள். ஆன்லைனிலேயே செய்துவிடலாம்.

பாஸ்புக்கில் மே மாதக் கடைசியில் 436 ரூபாய், 20 ரூபாய் என்று இரண்டு சின்ன வரிகள் இருக்கிறதா பாருங்கள். 436 என்றால் 2 லட்சம் ரூபாய்க்கு ஆயுள் காப்பீடு, 20 என்றால் 2 லட்சத்துக்கு விபத்துக் காப்பீடு. கணக்குத் தொடங்கும்போது பத்துக் கையெழுத்தோடு பதினோராவதாக வாங்கியிருப்பார்கள், போட்டவருக்கே நினைவிருக்காது. கணக்கில் அந்த வாரம் பணம் இல்லாவிட்டால் காப்பீடும் நின்றுவிடும். ஆகவே மே மாதம் கணக்கை வழித்துத் துடைக்காதீர்கள்.

பெரிய பாலிசிகளைப் பற்றி என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன். சொந்தக்கார ஏஜெண்ட் மனம் நோகக் கூடாது என்று போட்ட மணி பேக் பாலிசிகள் நாலைந்து பல வீடுகளில் இருக்கும். எல்லாவற்றையும் கூட்டினால் குடும்பத்தின் இரண்டு வருடச் செலவுக்குக்கூட வராது. சம்பாதிப்பவர் ஒருவர்தான் என்றால் டேர்ம் பாலிசி ஒன்று வேண்டும். முடிவில் பணம் திரும்பி வராதே என்று மனசு அடித்துக்கொள்ளும். வராமல் போனால் அவர் நன்றாக இருக்கிறார் என்று அர்த்தம். தொழில் செய்பவர் என்றால் பாலிசி எடுக்கும்போதே 1874ஆம் ஆண்டின் திருமணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின் கீழ் எடுக்கச் சொல்லுங்கள். அப்படி எடுத்த பணம் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் மட்டுமே. கடன்காரர் அதில் கை வைக்க முடியாது. படிவத்தில் ஒரு கட்டத்தை நிரப்பும் வேலைதான். பின்னால் மாற்றிக்கொள்ள வழியில்லை.

கடன் பக்கம் எழுதும்போதுதான் வீட்டில் குரல் உயரும். தனிநபர் கடன், கிரெடிட் கார்டு பாக்கி, செல்போன் செயலியில் வாங்கியது, நண்பனுக்குப் போட்ட ஜாமீன் கையெழுத்து. ஜாமீன் கையெழுத்தை ஆண்கள் கடனாகவே நினைப்பதில்லை. நண்பன் கட்டவில்லை என்றால் வங்கி இவரிடம்தான் வரும். எழுதி வாங்குங்கள், திட்டாமல் எழுதி வாங்குங்கள். திட்டினால் அடுத்த கடன் நோட்டுக்கு வராது.

நீங்கள் கையெழுத்துப் போடாத கடனுக்கு, அவர் இறந்துவிட்டார் என்பதற்காக, உங்கள் சொந்தப் பணத்திலிருந்தோ உங்கள் சீதன நகையிலிருந்தோ கட்ட வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. அவர் விட்டுச் சென்ற சொத்து எவ்வளவோ அந்த அளவுக்குத்தான் வாரிசுகளிடம் கேட்கலாம். வசூலுக்கு வரும் பையன்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். துக்க வீட்டு வாசலில் வந்து நின்று சத்தம் போடுவார்கள். அந்த நேரத்தில் மிரண்டுபோய் “நான் கட்டுறேன்” என்று எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். மிரட்டி வசூலிப்பதைத் தண்டிக்க 2025இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே வந்திருக்கிறது. இணைக் கடன்தாரராக நீங்களும் கையெழுத்திட்ட வீட்டுக் கடன் வேறு கதை, அது உங்கள் கடன்தான். அதற்கு இன்சூரன்ஸ் எடுத்திருக்கிறதா என்று கேட்டு எழுதுங்கள். வீட்டுக் கடன் முடிந்த 30 நாளுக்குள் அசல் பத்திரங்களை வங்கி திருப்பித் தர வேண்டும். தாமதம் வங்கியுடையது என்றால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் வீதம் அது உங்களுக்குத் தர வேண்டும். 2023 டிசம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கும் விதி இது. நாங்கள் வேலையில் இருந்த காலத்தில் இப்படி ஒன்று இருந்திருந்தால் சில மேனேஜர்கள் தூங்கியிருக்க மாட்டார்கள்.

அடகுச் சீட்டுகளையும் தேடிப் பாருங்கள். லாக்கரில் இருக்கிறது என்று நீங்கள் நினைக்கும் ஆரம் எங்கே இருக்கிறது என்று ஒருமுறை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வருவது நல்லது. பார்த்துவிட்டு வந்தபின் வீட்டில் என்ன நடக்கும் என்பதற்கு நான் பொறுப்பில்லை.

அவருடைய செல்போன் எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. துக்கத்தில் போனை அணைத்து வைத்துவிடுவார்கள், ரீசார்ஜ் செய்ய மாட்டார்கள், சில மாதத்தில் எண் வேறு யாருக்கோ போய்விடும். இன்சூரன்ஸ் தவணை நினைவூட்டல், டெபாசிட் முடியும் தேதி, கடன் நோட்டீஸ் எல்லாம் அந்த எண்ணுக்குத்தான் வரும். கணக்குகள் எல்லாம் தீரும்வரை அந்த எண்ணை ரீசார்ஜ் செய்து உயிரோடு வைத்திருங்கள். அந்த எண்ணுக்கு வரும் ஓடிபியை வைத்துப் பணத்தை மாற்றுவதும், ஏடிஎம் கார்டில் பணம் எடுப்பதும் கூடாது. பின் நம்பர் தெரியும் என்று மகன் போய் எடுத்துவிடுவான். நல்ல எண்ணத்தில் ஈமச் செலவுக்குத்தான் எடுத்திருப்பான். பிறகு மகள் வந்து ஸ்டேட்மெண்ட் கேட்பாள், இறந்த தேதிக்குப் பின்னால் இத்தனை முறை யார் எடுத்தது என்று. பங்காளிச் சண்டைகள் இப்படித்தான் ஆரம்பிக்கின்றன. இறப்பை 21 நாளுக்குள் பதிந்து, சான்றிதழ் நகல்கள் நிறைய எடுத்துக்கொண்டு முறையாகவே வாருங்கள். அந்த இடைப்பட்ட நாட்களில் சாப்பிடத்தான் உங்கள் பெயரில் ஒரு தனிக் கணக்கு வேண்டும். குறைந்தது மூன்று மாத வீட்டுச் செலவு அதில் இருக்கட்டும். மகளிர் உரிமைத் தொகை வருகிற கணக்கு இருந்தால் அதையே வைத்துக்கொள்ளலாம்.

உடம்பைப் பற்றியும் அந்த நோட்டிலேயே ஒரு பக்கம் வையுங்கள். அவருக்கு என்ன மாத்திரை, எத்தனை மில்லிகிராம், எதற்கு ஒவ்வாமை, ரத்த வகை என்ன, காப்பீட்டு அட்டை எங்கே, அதில் எந்தெந்த ஆஸ்பத்திரி சேர்கிறது. சர்க்கரை இருப்பதை மறைத்து மருத்துவக் காப்பீடு எடுத்தால் பிரீமியம் குறையும். கிளெய்ம் போடும்போது அந்த ஒரு காரணம் போதும், மறுத்துவிடுவார்கள். சொல்லியே எடுத்தால் அதிகபட்சம் மூன்று ஆண்டு காத்திருப்பு, அதன் பிறகு அந்த நோய்க்கும் கிடைக்கும். சாலை விபத்து என்றால் முதல் 48 மணி நேரத்துக்கு ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் தனியார் ஆஸ்பத்திரியிலும் கட்டணமில்லாமல் சேர்க்க முடியும். எந்த ஆஸ்பத்திரி அந்தப் பட்டியலில் இருக்கிறது என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள், ரத்தத்தைப் பார்த்துக்கொண்டு தேடக் கூடாது.

அந்தப் பக்கத்தில் உங்கள் பெயருக்கும் ஒரு பத்தி இருக்க வேண்டும். அவருடைய சர்க்கரை அளவை மாதாமாதம் தேதியோடு சொல்வீர்கள். உங்கள் ஹீமோகுளோபின் எவ்வளவு? 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை இருக்கிறது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதை வயசு என்று சொல்லித் தள்ளிப் போடுகிறோம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமல் பார்க்கக்கூடிய பரிசோதனை அது.

உயிலும் அவர் மட்டும் எழுத வேண்டியது என்று நினைக்காதீர்கள். உங்கள் பெயரில் மனை இருக்கிறது, நகை இருக்கிறது, டெபாசிட் இருக்கிறது. இந்துப் பெண் உயில் இல்லாமல் இறந்தால் முதலில் கணவரும் பிள்ளைகளும். அவர்கள் யாரும் இல்லாவிட்டால், அவள் தானே சம்பாதித்ததுகூட, கணவருடைய வாரிசுகளுக்குப் போகும். பெற்ற தாய் தகப்பன் அதற்குப் பின்னால்தான் வருகிறார்கள். பிள்ளை இல்லாத பெண், கணவரை இழந்தவள், தன் சம்பளத்தில் வாங்கிய வீட்டில் அம்மாவை வைத்துக் காப்பாற்றிக்கொண்டிருந்தால், அவளுக்குப் பின் அந்த வீட்டைக் கேட்டு வரும் உரிமை அம்மாவுக்கு முன்னால் கொழுந்தனாருக்கு இருக்கலாம். 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றமே இந்தச் சிக்கலைச் சொல்லி, பெண்கள் உயில் எழுதி வைத்துவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டது. வேலைக்குப் போய்ச் சம்பளத்தை அப்படியே கணவர் கையில் கொடுத்துவிடும் டீச்சரம்மாக்களையும் நர்ஸம்மாக்களையும் இந்த இடத்தில் தனியாகக் கூப்பிட்டுச் சொல்ல விரும்புகிறேன். வங்கிக்கு வந்து “எங்க வீட்டுக்காரரைக் கேட்டுச் சொல்றேன்” என்று அதிகம் சொன்னது நீங்கள்தான்.

நோட்டு ஒரே நாளில் நிரம்பாது. தவணை ரசீது வரும்போது ஒன்று, வீட்டு வரி கட்டும்போது ஒன்று என்று ஆறு மாதத்தில் நிரம்பிவிடும். எழுதி முடித்ததும் மகளையோ மகனையோ, பிள்ளைகள் சின்னவர்கள் என்றால் உங்கள் பிறந்த வீட்டில் நம்பகமான ஒருவரையோ கூப்பிட்டு, இப்படி ஒரு நோட்டு இருக்கிறது, பீரோவில் இந்த அறையில் இருக்கிறது என்று காட்டி வையுங்கள். அவரும் பக்கத்தில் இருக்கும்போது காட்டுங்கள். ஒளித்துச் செய்த வேலை என்று பின்னால் பேச்சு வராது.

அன்புடன்,
கவுண்டருக்கு அந்தப் பக்கம் இருந்தவள்

பின்குறிப்பு: ஏடிஎம் பின் நம்பரை அந்த நோட்டில் எழுதாதீர்கள். கார்டின் பின்னால் பேனாவால் எழுதி, அதன்மேல் செலோடேப் ஒட்டி வைத்திருப்பவர்கள் முதலில் அதை உரித்துவிட்டு, ஏடிஎம்முக்குப் போய் நம்பரை மாற்றுங்கள்.